இடுப்பில் ஒன்று, வயிற்றில் ஒன்று

எனக்கு இது ஏழாம் மாதம். மூத்தவளுக்கு இரண்டரை வயது. தென்காசி மாவட்டத்தில், பாவூர்சத்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருக்கிறோம். அவர் காய்கறி மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடையில் கணக்கு பார்க்கிறார். நான் வீட்டிலிருந்தே ஜாக்கெட், சுடிதார் தைத்துக் கொடுக்கிறேன். துணி கொடுக்க வருகிறவர்கள் என் வயிற்றைப் பார்த்ததும் கேட்பது ஒரே கேள்விதான்: "சின்னப் பிள்ளைய வச்சிக்கிட்டு எப்படிம்மா சமாளிக்கே?"

அக்கறையாகத்தான் கேட்கிறார்கள். சிரமம் இல்லாமலும் இல்லை. ஆனால் அந்தக் கேள்விக்கே பதில் சொல்லிக்கொண்டிருப்பதால், வீட்டில் தினமும் நடக்கிற நல்ல விஷயங்கள் பேசப்படாமலே போகின்றன. தலைப்பிரசவத்துக்குக் காத்திருந்தபோது எனக்குப் பயம்தான் அதிகம் இருந்தது. எது வந்தாலும் கூகுளில் தேடுவேன், ராத்திரி தூக்கம் வராது. இந்த முறை காலையில் கண் விழித்ததும் பக்கத்தில் ஒருத்தி எழுந்து உட்கார்ந்து, "அம்மா, விடிஞ்சாச்சா?" என்று கேட்கிறாள். அப்புறம் பயப்பட நேரம் எங்கே இருக்கிறது? இதே நிலையில் இருக்கிறவர்களுக்கு உதவும் என்று, எங்களுக்குக் கைகொடுத்ததையும் நாங்கள் ரசித்ததையும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் சொல்ல வேண்டியது இது: இந்த வயதுப் பிள்ளைக்கு விளக்கம் சொல்லிப் பயனில்லை, வேலை கொடுத்தால்தான் சந்தோஷம். "அம்மா வயித்துல பாப்பா இருக்கு, நீ சமத்தா இருக்கணும்" என்று தினமும் சொல்லலாம். அவளுக்கு அதில் பிடிப்பதற்கு ஒன்றும் இல்லை. ஒரு சின்னச் சொம்பைக் கையில் கொடுத்து "வாசத் தெளி" என்றால் அன்றைய பொழுது நன்றாகத் தொடங்கிவிடும்.

எங்கள் வீட்டில் காலை அப்படித்தான் தொடங்குகிறது. நான் குனிந்து கோலம் போடுவதை ஐந்தாம் மாதத்தோடு நிறுத்திவிட்டேன். ஒரு மணைப்பலகையைப் போட்டு உட்கார்ந்து, கை எட்டுகிற அளவுக்குச் சின்னதாகப் போடுகிறேன். அவள் எதிரே குத்தவைத்து உட்காருவாள். மூன்று விரலால் மாவை எடுக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும், நான் எடுப்பதைப் பார்த்திருக்கிறாள். ஆனால் எடுத்ததும் மறந்துபோய் முழுக் கையையும் மூடிக்கொள்வாள். பிறகு ஒவ்வொரு விரலாகத் திறப்பாள். மாவு ஒரே இடத்தில் கொட்டும். அதை உற்றுப் பார்த்து ஒரு ஊது ஊதுவாள். இமை முடியெல்லாம் வெள்ளையாகிவிடும். எழுந்து நாலடி பின்னால் போய் நின்று பார்த்துவிட்டு, திருப்தியாகத் திரும்பி வந்து இன்னொரு குவியல் வைப்பாள். அவள் வைத்த குவியலை நான் துடைப்பதில்லை. அதைச் சுற்றி ஒரு வளைவு போட்டால் பூவாகிவிடும். "நான் போட்டேன் பூ" என்று பால்காரரிடம் காட்டுவாள். அவரும் ஒரு நாள் தவறாமல் சைக்கிளை நிறுத்திப் பார்த்துவிட்டுத்தான் போகிறார். கல்மாவு வேண்டாம், அரிசி மாவே இருக்கட்டும். கை வாய்க்குப் போகிற வயசு.

இந்த ஒரு வேலைக்கு முன்பெல்லாம் எனக்குப் பத்து நிமிடம் ஆகும், இப்போது அரை மணி நேரம் ஆகிறது. அவசரப்பட வேண்டாம் என்று நானும் அவரும் பேசி முடிவெடுத்தோம். காலை பத்து மணிக்கு முன் தையல் துணி வாங்குவதில்லை, சமையலில் ஒரு கூட்டு அல்லது பொரியலோடு நிறுத்திக்கொள்கிறோம். வயிறு கனக்கக் கனக்க என் நடையும் அவள் நடையும் ஒரே வேகத்துக்கு வந்துவிட்டன. கடைக்குப் போய் வர முன்பு அவளை இழுத்துக்கொண்டு போவேன். இப்போது அவள் நிற்கிற இடத்தில் எல்லாம் எனக்கும் நிற்கத் தோன்றுகிறது. முருங்கை மரத்துக் கம்பளிப்பூச்சி, வேலியில் தொங்குகிற பாம்புச் சட்டை, கோழி குஞ்சுகளோடு ரோட்டைக் கடக்கிறது என்று எல்லாவற்றையும் பார்த்துவிட்டுத்தான் வீடு வருகிறோம்.

முதல் மூன்று மாத மசக்கைதான் உண்மையிலேயே சிரமமான காலம். தாளிப்பு வாசனை ஆகாது. அவர் சட்டையில் ஒட்டிக்கொண்டு வரும் வெங்காய மூட்டை வாசனை அதைவிட ஆகாது. அவர் கொல்லைப்பக்கமே வந்து குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் வருவார். எனக்குப் பயன்பட்டது பொரி. ராத்திரியே ஒரு டப்பாவில் தலைமாட்டில் வைத்துவிட்டுப் படுப்பேன். காலையில் தலையைத் தூக்குவதற்கு முன் படுத்தபடியே கொஞ்சம் கொறித்துவிட்டு, கால் மணி நேரம் கழித்து எழுந்தால் வாந்தி பாதியாகக் குறைந்தது. டப்பா மூடி திறக்கிற சத்தத்துக்கு மகளும் விழித்துக்கொள்வாள். இருட்டில் இரண்டு பேரும் படுத்துக்கொண்டு பொரி தின்போம். எனக்கு ஒன்று, அவளுக்கு ஒன்று என்று அவள்தான் பங்கு வைப்பாள். அந்த மூன்று மாதத்தையும் இப்போது நினைத்தால் எனக்கு வாந்தி ஞாபகம் வரவில்லை, பொரிதான் ஞாபகம் வருகிறது. தண்ணீர்கூடத் தங்காமல் வாந்தி வந்தாலோ, சிறுநீர் குறைந்து மஞ்சளாகப் போனாலோ வீட்டு வைத்தியத்தோடு இருந்துவிடக் கூடாது, ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

பகலில் எழுந்து ஓட முடியாத நேரத்துக்கு, படுத்துக்கொண்டே ஆடக்கூடிய ஆட்டங்களை வைத்துக்கொண்டோம். நான்தான் ரோடு. பாதத்திலிருந்து தோள் வரை அவளுடைய பிளாஸ்டிக் லாரி வெங்காயம் ஏற்றிக்கொண்டு வரும். முழங்காலை மடக்கினால் மேடு, நீட்டினால் பள்ளம். இல்லாவிட்டால் நான் நோயாளி, அவள் டாக்டர். "நாக்க நீட்டு" என்பாள். இரண்டுக்கும் நான் கண்ணை மூடிப் படுத்திருந்தால் போதும். தையல் மிஷின் பக்கத்தில் அவளுக்கென்று ஒரு கூடை இருக்கிறது. அதில் காலியான நூல்கண்டுகளும் வெட்டுத்துணிகளும் கிடக்கும். துணியை நிறம் பார்த்துப் பிரிப்பாள். சிவப்பு அவளுக்கு இன்னும் 'சேப்பு'தான். பட்டன், ஊக்கு, கத்தரிக்கோல் மூன்றும் மூடி போட்ட டின்னில், அலமாரி மேல் தட்டில். அதில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

அடுத்தது தூக்குவது. "தூக்கும்மா, தூக்கு" என்று அவள் கை நீட்டும்போது முடியாது என்று சொல்ல எனக்கு மனசு வராது. சிக்கல் எதுவும் இல்லாத கர்ப்பம் என்றால் பிள்ளையை அடியோடு தூக்கவே கூடாது என்பதில்லை, இடுப்பை வளைத்துக் குனிந்து தரையிலிருந்து வெடுக்கென்று தூக்குவதுதான் ஆகாது என்று செக்கப்பில் சொன்னார்கள். அதனால், "அம்மா உட்காருதேன், நீ ஏறு" என்று மாற்றிக்கொண்டோம். நான் திண்ணையில் உட்காருவேன், அவள் படியேறி வந்து மடியில் சாய்வாள். இப்போது மடி சின்னதாகிவிட்டது. பக்கவாட்டில் உட்கார்ந்து, ஒரு கையை வயிற்றின் மேல் போட்டுக்கொள்கிறாள். நின்றபடி தூக்க வேண்டியது வந்தால் அவர் தூக்குவார், இல்லை ஆச்சி தூக்குவாள். இரத்தப்போக்கோ அடிவயிற்று வலியோ இருக்கிறவர்களுக்கு இது பொருந்தாது. அவர்கள் டாக்டர் சொல்வதை மட்டும் கேட்க வேண்டும்.

தாய்ப்பால் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் அதிகம் கலங்கியதும் அதிகம் அறிவுரை வந்ததும் இதில்தான். இவளுக்கு இரண்டு வயது ஆகிற சமயத்தில்தான் இரண்டாவது உண்டானது. ஒரு பிரசவத்துக்குப் பின் அடுத்த கருவுக்குக் குறைந்தது இரண்டு வருடமாவது விட வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. இரண்டு வயது வரையிலும் அதற்கு மேலும் தாய்ப்பால் கொடுக்கலாம் என்பதும் அவர்கள் சொல்வதுதான். இவள் அப்போது ராத்திரியும் மத்தியானத் தூக்கத்துக்கும் குடித்துக்கொண்டிருந்தாள்.

விஷயம் தெரிந்த அன்றே எங்கள் அம்மாச்சி, "ஏட்டி, இனிமே பாலு குடுக்காத, பிள்ள சவலை பாஞ்சிரும்" என்றார். பக்கத்து வீட்டில் வேப்பெண்ணெய் தடவச் சொன்னார்கள். நான் டாக்டரிடம் கேட்டேன். குறைப்பிரசவம், இரத்தப்போக்கு என்று முன்கதை இல்லையென்றால் கர்ப்ப காலத்தில் கொடுப்பது வயிற்றில் இருக்கிற பிள்ளையைப் பாதிக்காது, பால் கெட்டுப்போவதும் இல்லை என்று தெளிவாகச் சொன்னார். ஆனால் அம்மாச்சி சொன்னதை நான் ஒதுக்கிவிடவில்லை. அந்தக் காலத்தில் அடுத்தது உண்டானதும் மூத்ததைப் பாலிலிருந்து பட்டென்று பிரித்துவிடுவார்கள். அதற்கு ஈடாகப் பருப்போ முட்டையோ கிடைக்காது. பிள்ளை மெலிந்து, வயிறு முன்தள்ளி, எந்நேரமும் சிணுங்கிக்கொண்டு நிற்கும். அம்மாச்சி கண்ணால் பார்த்தது அதைத்தான். அப்படியென்றால் பிள்ளையின் சாப்பாட்டைக் கவனிக்க வேண்டும், அவ்வளவுதானே என்று எடுத்துக்கொண்டேன்.

மத்தியானப் பாலைத்தான் முதலில் நிறுத்தினோம். அந்த நேரத்துக்கு நிலக்கடலைப்பொடி போட்ட கேப்பைக் கூழ். பிறகு ராத்திரி. அதில் அவர் பங்குதான் பெரியது. விளக்கணைத்ததும் அவள் பக்கத்தில் அவர் படுத்துக்கொண்டு, அன்று மார்க்கெட்டுக்கு வந்த காயை எல்லாம் வரிசையாகச் சொல்வார். "தக்காளி வந்துச்சு, கத்திரிக்கா வந்துச்சு, பெல்லாரி வந்துச்சு..." அவள் "அப்புறம்?" என்று கேட்டுக்கொண்டே தூங்கிவிடுவாள். நாலாம் மாதம் வாக்கில் எனக்குப் பால் தானாகவே குறைந்தது. ஒரு நாள் ராத்திரி வாய் வைத்துவிட்டு எடுத்து, "அம்மா, உப்பு" என்றாள். அந்தச் சமயத்தில் ருசி மாறுவது வழக்கம்தானாம். அதற்குப் பிறகு அவளே கேட்பதை விட்டாள். அழ வைக்காமல் நின்றதில் எனக்கு இருக்கிற நிம்மதி பெரியது.

இப்போது அவள் அங்கன்வாடிக்குப் போகிறாள். மத்தியானச் சாப்பாடு அங்கேதான், வாரத்தில் மூன்று நாள் முட்டை. எனக்கும் அங்கே சத்துமாவு கிடைக்கிறது. அதை வெறும் கஞ்சியாகக் காய்ச்சினால் எங்கள் இருவருக்கும் இறங்காது. வறுத்து, கருப்பட்டிப் பாகு ஊற்றி, நெய் தொட்டு உருண்டை பிடித்துவிடுவோம். பிடிக்கிற வேலையில் பாதி அவளுடையது. அவள் பிடிக்கிற உருண்டை கோலிக்குண்டு அளவுதான் இருக்கும், அதை ஆச்சிக்கும் அப்பாவுக்கும் எடுத்து வைப்பாள். எடை போடுகிற அன்று அவளுக்கும் எனக்கும் ஒரே நாள். அவள் ஏறி நின்று, டீச்சர் எழுதிக் கொண்டதும், "அம்மாவும் ஏறு" என்று கையைப் பிடித்து இழுப்பாள். வளர்ச்சி அட்டையில் அவளுடைய புள்ளி பச்சைக் கோட்டுக்குள் போய்க்கொண்டிருப்பதை அம்மாச்சியிடம் காட்டினேன். பச்சை என்றால் நல்லது என்று சொன்னதும் அட்டையை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

வயிற்றில் இருப்பதைப் பற்றி அவளிடம் முன்கூட்டியே நாங்கள் எதுவும் சொல்லவில்லை. இரண்டு வயதுப் பிள்ளைக்கு ஆறு மாதம் கழித்து என்பது புரியாது. வயிறு வெளியே தெரிந்ததும் அவளே கேட்டாள். இங்கே ஒரு சின்னச் சிக்கல் வந்தது. பிறந்ததிலிருந்து வீட்டில் எல்லோரும் அவளைத்தான் பாப்பா என்று கூப்பிடுகிறோம். உள்ளே பாப்பா என்றதும், "நான்தான் பாப்பா" என்று முகம் சுருங்கிவிட்டது. சரி, நீயே பாப்பா, உள்ளே இருப்பது குட்டி என்று வைத்துக்கொண்டோம். அத்துடன் தீர்ந்தது. குட்டி மேல் அவளுக்கு ஒரு கோபமும் இல்லை.

குட்டிக்குச் சாப்பாடு கொடுப்பது அவளாகக் கண்டுபிடித்த வேலை. கையில் முறுக்கு இருந்தால் ஒரு துண்டு உடைத்து என் தொப்புளில் வைத்து அழுத்துவாள். "தின்னுச்சா?" என்று கேட்பாள். "தின்னுச்சே" என்று நான் சொல்ல வேண்டும். உடனே அந்தத் துண்டை எடுத்து அவள் வாயில் போட்டுக்கொள்வாள். ஐந்தாம் மாதம் தொடங்கும் முன்னேயே எனக்கு அசைவு தெரிந்துவிட்டது. இரண்டாவது பிள்ளைக்கு அது சீக்கிரமே தெரியும். ஆனால் வெளியே கை வைத்தால் தெரிகிற அளவுக்கு உதை வர இன்னும் சில வாரம் ஆனது. முதல் உதை அவள் உள்ளங்கையில் பட்டபோது சட்டென்று கையை எடுத்துப் பார்த்தாள், முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். பிறகு மறுபடி வைத்தாள். அவர் கடையிலிருந்து வருகிற வரை வைத்த கையை எடுக்க மாட்டேன் என்று உட்கார்ந்திருந்தாள். ஆறு மாதத்துக்கு மேல் வெளிச் சத்தம் உள்ளே கேட்கும் என்பதால், ராத்திரி அவளையே குட்டிக்குக் கதை சொல்லச் சொல்கிறோம். அப்பாவிடம் கேட்ட தக்காளி, கத்திரிக்காய் வரிசையைத்தான் வயிற்றில் வாய் வைத்துச் சொல்கிறாள்.

ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் அவளைக் கூட்டிக்கொண்டு போகிறேன். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை, அவளுக்கும் இல்லை. அங்கே டாப்ளர் கருவியை வைத்து நர்ஸம்மா இதயத் துடிப்பைக் கேட்கவிட்டார்கள். கருவில் இருக்கிற பிள்ளைக்கு நிமிடத்துக்கு 110லிருந்து 160 வரை துடிக்கும். கடகடவென்று வந்த சத்தத்தைக் கேட்டதும் மகள், "ரயிலு!" என்று கத்தினாள். வரிசையில் நின்ற அத்தனை பேரும் சிரித்துவிட்டார்கள். சர்க்கரைப் பரிசோதனை அன்று மட்டும் அவளைக் கூட்டிப் போக வேண்டாம். 75 கிராம் குளுக்கோஸைக் குடித்துவிட்டு இரண்டு மணி நேரம் உட்கார வேண்டும். எனக்குப் பாதி டம்ளர் கொடு என்று அவள் அடம் பிடித்தால் கஷ்டம்.

மாத்திரை பற்றி ஒன்று. இதை எல்லோரும் தயவுசெய்து கவனியுங்கள். நாலாம் மாதத்திலிருந்து நமக்குக் கொடுக்கிற இரும்புச்சத்து மாத்திரை சிவப்பு நிறத்தில், சர்க்கரைப் பூச்சோடு இருக்கும். பிள்ளைக்கு அது மிட்டாய்தான். நாலைந்தை முழுங்கினாலே சின்னப் பிள்ளைக்கு விஷம், உயிருக்கே ஆபத்து. கைப்பையில், தலையணை அடியில், மிஷின் மேல் என்று எங்கேயும் வைக்காதீர்கள். நான் அவள் பார்க்கிற நேரத்தில் மாத்திரை போடுவதுகூட இல்லை. நாம் செய்வதை அப்படியே செய்கிற வயசு. காபி, டீயோடும் கால்சியம் மாத்திரையோடும் சேர்த்துப் போட்டால் இரும்புச்சத்து உடம்பில் சேராது என்பதால், அவள் தூங்கியபிறகு ராத்திரியில் போடுகிறேன்.

இன்னும் சில விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கர்ப்பத்தை அரசிடம் பதிந்து வாங்குகிற பிக்மி (PICME) எண்ணுக்கு இரண்டாவது பிள்ளைக்கும் புதிதாகப் பதிய வேண்டும், பன்னிரண்டு வாரத்துக்குள் பதிந்துவிடுவது நல்லது. பிறப்புச் சான்றிதழ் வரை அந்த எண் தேவைப்படும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி இரண்டு பிரசவம் வரை உண்டு. முதல் பிரசவத்தில் ரணஜன்னிக்கும் தொண்டை அடைப்பானுக்குமான டிடி (Td) தடுப்பூசி இரண்டு போட்டு, மூன்று வருடத்துக்குள் அடுத்தது என்றால் ஒரே ஒரு பூஸ்டர் ஊசி போதும். பழைய அட்டையைத் தேடி எடுத்துக்கொண்டு போங்கள். ஊட்டச்சத்துப் பெட்டகத்தில் வந்த பேரீச்சம்பழத்தை ஒளித்து வைக்க வேண்டியிருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

சொந்தக்காரர்கள் பேச்சுக்கு வருகிறேன். எல்லோரும் முதலில் பிள்ளையிடம் கேட்பது, "தம்பியா, தங்கச்சியா?" பிள்ளை வாயில் வந்தால் பலிக்குமாம். இவள் குனிந்து கால்களுக்கு நடுவே பார்த்த காலத்திலேயே, அடுத்ததைக் கூப்பிடுகிறாள் என்று ஆச்சி சொன்னாள். அது எனக்கும் பிடித்த பேச்சு. கேட்கிற ஒவ்வொருவருக்கும் மகள் ஒரு பதில் வைத்திருக்கிறாள். ஒரு நாள் தம்பி, ஒரு நாள் லாரி, ஒரு நாள் தக்காளி. அதுவரை சரி. ஆனால், "இந்தத் தடவையாவது ஆம்பளப் பிள்ளையாப் பெத்துக்கோ" என்று அவள் முன்னாலேயே சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அவளுக்குப் புரியாது என்று நினைக்கிறார்கள். அவளுக்கு எல்லாம் கேட்கிறது. எந்தப் பிள்ளையாக இருந்தாலும் எங்கள் பிள்ளை, இவள் எங்களுக்குக் குறைவான பிள்ளை இல்லை என்று நாங்கள் இரண்டு பேரும் முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறோம். விருந்தாளி மனம் கோணினாலும் பரவாயில்லை.

அதைவிட மோசம், "குட்டி வந்ததும் உன்ன யாரு பார்ப்பா? உங்கம்மா அதைத்தான் தூக்குவா" என்கிற கேலி. விளையாட்டாகச் சொல்கிறார்கள். அதைக் கேட்ட அன்று ராத்திரி பிள்ளை என் சேலையை விடாமல் பிடித்துக்கொண்டு தூங்கியது. மறுமுறை ஒருத்தர் அதையே தொடங்கியபோது என் மாமியார், "எம் பேத்திட்ட அப்படிச் சொல்லாத தாயி, அவளப் பார்க்க நாங்க நாலு பேரு இருக்கோம்" என்று நிறுத்தினார். அதற்கப்புறம் எங்கள் வீட்டில் யாரும் அதைச் சொல்வதில்லை. பெரியவர்கள் ஒருத்தர் துணைக்கு நின்றால் இந்தப் பேச்சு சீக்கிரம் ஓய்ந்துவிடும். அவர்களிடம் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது பிள்ளைக்கு வளைகாப்பு செய்கிற வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. அங்கன்வாடி மூலம் நடக்கிற சமுதாய வளைகாப்புக்குப் போனேன். ஐந்து வகைக் கலவைச் சாதம், மாலை, சந்தனம். எனக்கு வளையல் போடும்போது மகளும் பக்கத்தில் நின்று கையை நீட்டினாள். டீச்சர் எங்கிருந்தோ சின்ன அளவில் கண்ணாடி வளையல் தேடி எடுத்து அவளுக்கும் போட்டுவிட்டார். கன்னத்தில் சந்தனமும் பூசினார். வீட்டுக்கு வந்ததும் என் வயிற்றுப் பக்கத்தில் வளையலைக் குலுக்கி, "குட்டி, கேக்குதா?" என்றாள்.

சாயங்காலம் அப்பாவுக்கும் மகளுக்கும் உரியது. டிவிஎஸ் எக்ஸ்எல்லில் முன்னால் நிறுத்திக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போவார், செங்கோட்டை பாசஞ்சர் பார்ப்பதற்கு. அந்த நேரத்தில் நான் இடது பக்கமாக ஒருக்களித்துப் படுத்துவிடுவேன். துணி மடிப்பது, பாத்திரம் தேய்ப்பது எதுவும் கிடையாது. இது அவர் போட்ட சட்டம். வந்ததும் அவள் சொல்கிற செய்தி தினமும் ஒன்றுதான்: "ரயிலு வந்துச்சு. மாமா கொடி ஆட்டுனாங்க. ரயிலு போயிருச்சு." அவர் சொல்வார், "வண்டில அவ பேசிட்டே வருவா, அதக் கேக்கதுக்குத்தான் மெதுவா ஓட்டுதேன்." போன வாரம் மூன்று பேருமாகச் சுந்தரபாண்டியபுரம் போய்ச் சூரியகாந்தித் தோட்டம் பார்த்தோம். பூ அவளைவிட உயரம். ஒரு பூவை வளைத்து அவள் முகத்துக்கு நேரே காட்டினார். உள்ளே தேனீ இருந்ததைப் பார்த்து, "தூங்குது, பேசாத" என்று எங்கள் வாயைப் பொத்தினாள். இது சாரல் காலம். முற்றத்தில் பாசி படர்ந்து வழுக்குகிறது, பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்தபிறகுதான் நானும் அவளும் இறங்குகிறோம். சாரலில் நாக்கை நீட்டிக்கொண்டு நிற்பாள். நானும் நீட்ட வேண்டும்.

பிரசவத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது, ஆனால் அவளைப் பாதிக்கிற மாற்றங்களை இப்போதே தொடங்கிவிட்டோம். குட்டி வந்த அன்று தொட்டிலைப் பிடுங்கிக் கொடுத்தால் அவளுக்கு எப்படி இருக்கும்? அதனால் ஐந்தாம் மாதத்திலேயே தொட்டிலை அவிழ்த்தோம். அவருடைய பழைய வேட்டியில் இலவம்பஞ்சு அடைத்து ஒரு சின்னத் தலையணை தைத்தேன். உறைக்கு எந்தத் துணி என்று அவளைத்தான் கூடையிலிருந்து எடுக்கச் சொன்னேன். ஒன்று சேப்பு, ஒன்று பச்சை. அந்தத் தலையணையை இப்போது அங்கன்வாடிக்கும் எடுத்துப் போகிறாள். வாரத்தில் ஒரு ராத்திரி ஆச்சியோடு படுக்கப் பழக்குகிறோம். கழிவறைப் பழக்கத்தை மட்டும் அவசரப்படுத்தவில்லை. குட்டி வந்ததும் பிள்ளைகள் அதில் கொஞ்சம் பின்வாங்கும் என்று எல்லோருமே சொல்கிறார்கள், வரும்போது பார்த்துக்கொள்ளலாம்.

ஆஸ்பத்திரிக்கு அவள் முதல்முறை வரும்போது என் கை காலியாக இருக்க வேண்டும், குட்டி தொட்டிலில் இருக்கட்டும், முதலில் அவளைத்தான் நான் பக்கத்தில் ஏற்றிக்கொள்வேன் என்று அவரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். அந்த இரண்டு மூன்று நாள் அவளுக்குத் தலை சீவி விடுவது அவர் பொறுப்பு. அதற்காகத் தினமும் காலையில் திண்ணையில் உட்கார்ந்து குடுமி போட்டுப் பழகுகிறார். ரப்பர் பேண்டை இரண்டு சுற்று சுற்றினால் அவிழ்ந்துவிடுகிறது, மூன்று சுற்று சுற்றினால் "வலிக்கி" என்கிறாள். நேற்று எண்ணெய் தடவிப் பார்த்தார், மத்தியானம் வரை நின்றது.